நாலு நிமிஷம் பின்னாடி

அப்பாவின் கடை நாகர்கோவிலில் மணிமேடை என்கிற மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கடை என்றால் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், ஒரு ஆள் வெளியே நிற்கலாம், அவ்வளவு இடம். ஒரு கண்ணாடிப் பெட்டி, மேசை விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், ஹார்லிக்ஸ் மூடிகளில் தனித்தனியாகப் பிரித்து வைத்த ஸ்க்ரூக்கள். நாற்பத்தோரு வருஷம் அங்கேயே உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் பார்த்தார். கடைசிப் பத்து வருஷம் வந்ததெல்லாம் செல் மாற்றுகிற வேலையும் ஸ்ட்ராப் போடுகிற வேலையும்தான். அதில் அவருக்கு ஒரு மரியாதைக் குறைச்சல் இருந்தது. "செல் மாத்துகதுக்கு எதுக்கு டே வாட்ச்காரன்? மெடிக்கல் ஸ்டோர்ல குடுத்தாலும் மாத்துவான்" என்பார். மூன்று வருஷத்துக்கு முன் கண்புரை ஆபரேஷன் ஆனதும் கடையை விட்டுவிட்டார். சாமான்கள் ஒரு டிரங்குப் பெட்டியில், அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அம்மா அதை எடுத்துப் பரணில் போடச் சொல்வதும் அவர் காது கேட்காததுபோல இருப்பதும் எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கும்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, "எங்கயாவது போயிட்டு வருவமாப்பா?" என்று கேட்டேன். சுசீந்திரம் என்பார், இல்லையென்றால் முட்டம் கடற்கரை என்பார் என்று நினைத்தேன்.

"பத்மநாபபுரம் போலாம் மக்கா. அந்த மணிய ஒருக்கா பாக்கணும்."

எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. நாகர்கோவில்காரப் பிள்ளைகள் எல்லாருமே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது போயிருப்போம். எனக்கு எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் ஞாபகம் இருப்பது எலுமிச்சம்பழச் சாதமும், ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக்கூடத்தில் எதிரொலி வருமா என்று கத்திப் பார்த்து டீச்சரிடம் வாங்கிய குட்டும். ஆனால் அப்பா போனதே இல்லையாம். எழுபத்தாறு வயசு, பதினைந்து கிலோமீட்டர் தூரம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருப்பார். கல்யாணத்துக்கு வாட்ச் வாங்குகிறவர்கள், பரீட்சைக்கு முன் பிள்ளைகளின் வாட்சைச் சரி பார்க்கிறவர்கள் எல்லாம் ஞாயிறுதான் வருவார்கள். ஒரு தடவை அரண்மனை மணியைப் பற்றி யாரோ வாடிக்கையாளர் சொல்லிக் கேட்டிருக்கிறார். "முந்நூறு வருசமா ஓடுகு" என்று. அன்றிலிருந்து மனசில் வைத்திருக்கிறார்.

தக்கலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. கருங்கல் கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்தால் சட்டென்று வேறு ஊர். சின்னத் தெருக்கள், ஓட்டு வீடுகள், பின்னால் வேளிமலை. 1795-ல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போகும்வரை திருவிதாங்கூருக்கு இதுதான் தலைநகர். முதலில் கல்குளம் என்று பேர். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியதை, பின்னால் மார்த்தாண்டவர்மா பெரிதாக்கி, குலதெய்வமான பத்மநாபசுவாமி பேரை ஊருக்கு வைத்தார். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் நாலு தாலுகாக்கள் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. மண் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை மட்டும் கேரள அரசிடமே நின்றுவிட்டது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுக்குள் நின்றுகொண்டு கேரள அரசின் டிக்கெட் வாங்குவது எங்களுக்கெல்லாம் பழகிப்போன சங்கதி. வெளியூர் சிநேகிதர்களிடம் சொன்னால்தான் விழிப்பார்கள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். முற்றத்தில் கால் வைத்ததுமே அப்பா அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டார். இடப்பக்கமா வலப்பக்கமா என்று யாரிடமும் கேட்கவில்லை. மணிமாளிகை. ஓடு வேய்ந்த மாடம், அதில் கடிகார முகம். பெரிய விஷயமாக ஒன்றும் தெரியாது. லண்டன் பிக்பென்னைப் படத்தில் பார்த்த கண்ணுக்கு இது சாமி மாடம்போல அடக்கமாக இருக்கும். சுற்றுலா வந்த கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முகப்புக் கூடமான பூமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள போலாமாப்பா?"

"மணி என்ன?"

என் போனில் 10:41. அப்பா தன் கையைப் பார்த்தார். ஹெச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிறது. தினமும் காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பார். முன்பு ஆகாசவாணி செய்திக்கு முன் வரும் 'பீப்' சத்தத்துக்கு வைப்பார், இப்போது வேண்டாவெறுப்பாக என் தம்பியின் போனைப் பார்த்து வைக்கிறார். அந்த வாட்சைச் செய்த கம்பெனிக்கே 2016-ல் பூட்டுப் போட்டாயிற்று. வாட்சுக்குத் தெரியாது.

"பதினொண்ணு அடிக்கட்டும். கேட்டுட்டுப் போலாம்."

இருபது நிமிஷம் முற்றத்தில் நிற்பதா! ஓரமாக நிழலில் உட்காரவைத்தேன். காவலுக்கு இருந்த ஒரு அம்மா வந்து, "என்னா ஐயா, வய்யே? முடியலியா?" என்று மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். அப்பா அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார். மணியை யார் செய்தது? யார் சாவி கொடுக்கிறது? எத்தனை நாளைக்கு ஒருக்கா? மேலே ஏறிப் பார்க்கலாமா?

மேலே ஏற விடமாட்டார்கள். செய்தது இங்கேயே உள்ள ஒரு கொல்லன் என்று சொல்வார்கள், முந்நூறு வருஷம் ஆச்சு, சத்தம் மூணு கிலோமீட்டருக்குக் கேட்கும். அந்த அம்மா ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வேகத்தில் சொல்லி முடித்தார். நான் கொஞ்சம் பயந்தேன். அப்பாவுக்குக் கதை சொல்கிறவர்களைப் பிடிக்காது. "தொறந்து பாத்தியா?" என்று கேட்டுவிடுவார். வாட்சைக் கொண்டுவந்து 'மெயின் ஸ்பிரிங் போச்சு அண்ணாச்சி' என்று தானே நோய் சொல்கிற ஆட்களிடம் நாற்பத்தோரு வருஷமாக அவர் கேட்ட கேள்வி அது.

கேட்கவில்லை. "கொல்லன்தான் பண்ணியிருப்பான்" என்றார்.

"எப்படிப்பா சொல்லுதிய?"

"வெளிநாட்டுலயும் மொதமொதல்ல கோயிலுக்கு மணி பண்ணினவன் இரும்படிக்கிறவன்தான். வாட்ச்காரன் எல்லாம் பொறவுதான் வந்தான். இவ்வளவு பெரிய சக்கரத்தை ட்வீசர் வச்சா பண்ண முடியும்?"

பிறகு எனக்குப் பாடம். இந்த மாதிரிக் கோபுரக் கடிகாரத்தில் ஸ்பிரிங் கிடையாது. கயிற்றிலோ சங்கிலியிலோ ஒரு பெரிய எடை தொங்கும். கிணற்று ராட்டினத்தில் வாளியைக் கைவிட்டால் என்ன ஆகும்? உருளை கடகடவென்று சுழன்று வாளி போய்த் தண்ணீரில் விழும். அதே எடைதான் இங்கேயும், கீழே போகத்தான் பார்க்கும். ஆனால் ஒரே மூச்சாகப் போகவிடாமல், ஒரு பல்லுக்கு ஒரு தடவை பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு இறக்க வேண்டும். பிடித்து விடுகிற அந்தக் கொக்கிக்குத் தாளம் போடுவது பெண்டுலம். அந்த 'டிக்'தான் பிடிக்கிற சத்தம். அப்பா இதைச் சொல்லும்போது வலது கையால் எடையை இறக்கினார், இடது கை ஆள்காட்டி விரலை வளைத்து அதைப் பிடித்துப் பிடித்து விட்டார். காவலுக்கு நின்ற அம்மா தன் வேலையை மறந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிக்கதுக்குத் தனி எடை, தனி சக்கரம் கேட்டியா. அதுதான் ரொம்பத் தின்னும். நேரம் காட்டுகதுக்கு முள்ளு மெல்லப் போனாப் போதும். அடிக்கதுக்குச் சுத்தியல தூக்கணும்லா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பன்னெண்டு வரைக்கும் கூட்டிப் பாரு."

கூட்டினேன். 78.

"அப்பம் ஒரு நாளைக்கு?"

156. மணிக்கு மணி அடிக்கிற எந்தக் கடிகாரமானாலும் ஒரு நாளைக்கு 156 தடவை சுத்தியலைத் தூக்கிப் போட வேண்டும். வருஷத்துக்கு என்று போனில் போட்டுப் பார்த்தேன், 56,940. அப்பா தலையை ஆட்டினார், தெரிந்த கணக்கைப் பிள்ளை ஒப்பிக்கும்போது ஆட்டுகிற மாதிரி.

அடித்தது. என் போனில் 11:04. கணீரென்று இல்லை, கொஞ்சம் வறண்ட சத்தம், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி ஒரே சீராக இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினார். பதினொன்றும் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து நுழைவுச்சீட்டை எடுத்து, பேனாவுக்குக் கை நீட்டினார். சீட்டின் பின்பக்கம் எழுதினார்: '11 – 4 பி.'

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். 'பி' என்றால் பின். சர்வீஸ் முடிந்த வாட்சை உடனே கொடுக்கமாட்டார். ஆணியில் மாட்டி, பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் தினமும் எழுதுவார். '1 மு', '1 மு', '2 மு'. மூன்று நாள் பார்த்த பிறகுதான் ஆள் கையில் கொடுப்பார். அவசரக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

உள்ளே போனோம்.

பூமுகத்தின் மேல்தளத்தில் தலைகீழாகத் தொங்கும் தாமரையும், அதைச் சுற்றி மரத்தில் செதுக்கிய பூக்களும். தொண்ணூறு வகைப் பூ, ஒன்றைப்போல ஒன்று இராது என்றார்கள். அங்கேயே ஒரே கருங்கல்லில் செய்த கட்டில் ஒன்று கிடக்கிறது, சீன வியாபாரிகள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி ஒன்றும். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இப்போது குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. எனக்கு எப்போதுமே இந்த மாதிரி இடங்களில் நாற்காலியைப் பார்த்தால்தான் கஷ்டமாக இருக்கும். கட்டில், தொட்டில், கண்ணாடி எல்லாம் சும்மா கிடந்தாலும் அழகு. நாற்காலி மட்டும் யாரோ எழுந்து போனதுபோலவே இருக்கும்.

அப்பா பூவையும் பார்க்கவில்லை, நாற்காலியையும் பார்க்கவில்லை. குதிரை விளக்கின் கீழே நின்றார். குதிரைமேல் ஒருவன் உட்கார்ந்திருக்க, மேலிருந்து சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்குமாம். மற்ற விளக்காக இருந்தால் சங்கிலி முறுக்கேறி, விட்டதும் பழைய இடத்துக்கே சுற்றி வந்துவிடும். எல்லாரும் குதிரையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா சங்கிலியை மட்டும் கண்ணி கண்ணியாக மேலே உத்தரம்வரை பார்த்தார்.

"விளக்குல ஒண்ணும் இல்ல. சூட்சமம் கண்ணியிலயாக்கும். முறுக்கத் திருப்பி அனுப்பாம முழுங்கிருது."

அதற்கு மேல் பூமுகத்தில் அவருக்கு வேலை இல்லை.

மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி செங்குத்தானது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ராஜா அமைச்சர்களோடு ஆலோசனை செய்த இடம். மரச்சட்டங்களுக்கு இடையே வண்ண அபிரகத் தகடு பொருத்திய ஜன்னல்கள். வெளியே கொதிக்கும் வெயில் உள்ளே வரும்போது பழைய தேன்போல ஆகிவிடுகிறது. தரை கறுப்பு, முகம் தெரிகிற மினுமினுப்பு. சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, என்னென்னவோ இலைச்சாறு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசியது என்றார் அங்கே நின்ற பெண். எத்தனை முட்டை என்று அப்பா கேட்பாரோ என்று பார்த்தேன். அவர் உள்ளங்காலை மெல்ல நகர்த்தி நகர்த்தித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு வரச்சொன்னதன் அருமை எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. செருப்போடு வந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியைத் தவறவிட்டிருப்போம்.

ஊட்டுப்புரை. நீ...ளமான சாப்பாட்டுக்கூடம், கீழே ஒன்று, மேலே ஒன்று. தினமும் ரெண்டாயிரம் பேருக்கு இங்கே சாப்பாடு போட்டார்கள் என்பது கணக்கு. ஊறுகாய் போட்டு வைத்த சீன ஜாடிகள், ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். பக்கத்தில் எங்கேயோ அந்த உருண்டைக் கல்லும் இருக்கிறது. 38 கிலோ, தலைக்கு மேலே நூற்றியொரு தடவை தூக்கினால்தான் படையில் சேர்க்கலாம் என்பது கதை. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புப் பையன்கள் முழுக்க அந்தக் கல்லைச் சுற்றித்தான் நின்றார்கள். இந்தத் தடவையும் நின்றுகொண்டிருந்தார்கள், வேறு பையன்கள்.

உப்பரிகை மாளிகைதான் அரண்மனையிலேயே உயரமானது, நாலு நிலை. கீழே கருவூலம், அதற்கு மேலே ராஜாவின் படுக்கையறை, எல்லாவற்றுக்கும் உச்சியில் பத்மநாபசுவாமிக்கென்றே சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பூஜை அறை. கூட்டம் கூடுவது படுக்கையறைக் கட்டிலைப் பார்க்க. 64 வகை மூலிகை மரத்தால் செய்தது, டச்சுக்காரர்கள் கொடுத்தது, இதில் படுத்தால் நோய் அண்டாது.

"அறுபத்துநாலையும் யாரு எண்ணினது?" வந்துவிட்டது. ஆனால் என் காதில் மட்டும் சொன்னார்.

கட்டிலைக் குறை சொல்லவும் முடியாது. தலைமாட்டில் இழைத்த வேலைப்பாடு அப்படி. பூவும் கொடியும் மரத்தில் முளைத்த மாதிரிதான் இருக்கின்றன. அப்பா குனிந்து அடியில் பார்த்தார், எந்தச் சாமானையும் பின்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். மூட்டு எப்படிச் சேர்த்திருக்கிறது என்று பார்த்திருப்பார். எழுந்து, "ஆசாரி நல்ல ஆசாரி" என்றார். மருந்து பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. டச்சுக்காரர்களோடு 1741-ல் குளச்சலில் சண்டை நடந்தது. மார்த்தாண்டவர்மா ஜெயித்தார். பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டி லனாய் பிற்பாடு இவர் படைக்கே தளபதி ஆனார். பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. தோற்றவர்கள் கொடுத்த கட்டிலில் ஜெயித்தவர் தூங்கினாரா, அல்லது அதற்கு முன்பே மிளகு வியாபாரம் நடந்த காலத்தில் வந்த கட்டிலா? யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மூலிகை மணக்கிற இடத்தில் மிளகு வாசம் எடுபடாது போல. அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னேன்: பெண்டுலத்தை முதலில் கடிகாரத்தில் பூட்டியவரும் டச்சுக்காரர்தான், ஹைகன்ஸ் என்று பேர், 1656-ல். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அதுக்கு முன்ன மணியெல்லாம் கால் மணி, அரை மணின்னு போய்க்கிட்டு இருந்திருக்கும். பெண்டுலம் வந்த பொறவுதான் நிமிஷமே வந்திருக்கு."

அவர் சொன்னது சரி. பழைய ஐரோப்பியக் கடிகாரங்களில் பலவற்றில் நிமிஷ முள்ளே கிடையாது. நம் பக்கம் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அடியில் ஓட்டை போட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. கையில் நாழிகை வட்டில் இருந்த ஊரில், ஒருத்தன் இரும்பை அடித்துச் சக்கரம் செய்து, எடை கட்டித் தொங்கவிட்டு, அரண்மனை முகப்பில் மணியடிக்க வைத்திருக்கிறான். முதல்நாள் அது அடித்தபோது வட்டில்காரன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் கேட்டேன்.

"என்ன நினைப்பான். செல் வாட்ச் வந்தப்பம் நான் நினைச்சதுதான்."

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.

தாய்க்கொட்டாரம், ராணிகளின் கண்ணாடி அறை, விருந்தாளிகளுக்கான இந்திரவிலாசம் எல்லாம் வேகமாகத் தாண்டினோம். அம்பாரி முகப்பில் மட்டும் உட்கார இடம் கிடைக்காதா என்று அப்பா பார்த்தார். யானைமேல் அம்பாரி போலவே தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மர மாடம், ராஜா அங்கிருந்து தேரோட்டம் பார்த்தாராம். நவராத்திரி மண்டபத்தில் வழக்கம்போலக் கல்தூணைத் தட்டிப் பார்க்க ஒரு கூட்டம். அங்கேயிருந்துதான் நவராத்திரிக்குச் சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் போகிறாள். தலைநகரம் போனாலும் சாமி போகவில்லை, வருஷத்துக்கு ஒருக்கா போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறாள்.

திருவனந்தபுரம் என்றதும் அப்பாவுக்கு மேத்தன் மணி ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே இருக்கிறது. தாடி வைத்த ஒரு முகம். மணி அடிக்கும்போது வாயைத் திறக்கும், ரெண்டு பக்கமிருந்தும் ரெண்டு ஆட்டுக்கடா ஓடிவந்து கன்னத்தில் முட்டும். அப்பாவைச் சின்ன வயசில் அவருடைய மாமா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அந்த மாமாதான் பின்னால் தொழிலும் சொல்லிக் கொடுத்தவர். "நான் ஆட்டைப் பாத்துச் சிரிச்சேன். மாமா என் தலைய அழுத்தித் திருப்பி, 'ஆட்ட எது தள்ளுகுன்னு பாருலே'ன்னாரு." அன்றைக்கு அவருக்கு எட்டு வயசு.

எங்கள் ஊர் மணிமேடையும் ராஜா சம்பந்தப்பட்டதுதான். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா வந்தபோது, 1893-ல் திறந்தது. கடிகாரம் சீமையிலிருந்து வந்தது, லண்டன் மிஷன் பாதிரியார் டதி ஐயர் கொடுத்தது. அதற்கும் எடைதான், சங்கிலிதான். நாற்பத்தோரு வருஷம் அதன் காலடியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அதை ஒருநாளும் புகழ்ந்து பேசியதில்லை. கடை வாசலில் யாராவது "மணி என்ன அண்ணாச்சி?" என்று கேட்டால், மேலே தெரிகிற மணிமேடையைக் காட்டாமல் தன் கையைப் பார்த்துத்தான் சொல்வார்.

வெளியே முற்றத்துக்கு வந்தபோது பன்னிரண்டு ஆகப்போகிறது. அப்பா மறுபடி அதே நிழலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வாங்கி வந்தேன். அந்தக் காவல் அம்மா இந்தத் தடவை தானாகவே வந்து பக்கத்தில் நின்றார்.

"இவ்வளவு பெரிய வீடு" என்றார் அப்பா, அந்த அம்மாவிடம். "கட்டில்ல யாரும் படுக்கல. கசேரியில யாரும் இருக்கல. ஊட்டுப்புரையில ஒரு சோறு வேகல. ஜாடியில மாங்கா இல்ல. இன்னும் வேலைக்குப் போறது அது ஒண்ணுதான்." மேலே காட்டினார்.

"ஞானும் உண்டல்லோ ஐயா" என்றார் அந்த அம்மா. அப்பா சிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்து கடை மூடிய பிறகு சத்தம் போட்டு அவர் சிரித்தது அப்போதுதான்.

பன்னிரண்டு அடித்தது. என் போனில் 12:04. அப்பா சீட்டை எடுத்து முதல் வரிக்குக் கீழே எழுதினார்: '12 – 4 பி.'

"நாலு நிமிஷம் பின்னாடிதான் ஓடுது இல்லியாப்பா? முந்நூறு வருஷம் ஆச்சுல்லா."

"அது தப்பில்ல மக்கா." பேனாவை மூடிக் கொடுத்தார். "நாலு நிமிஷம் பின்னாடி இருந்தா, வச்சவன் அப்பிடி வச்சிருப்பான். முள்ளத் தள்ளி வச்சாத் தீந்துது. இன்னிக்கு நாலு, நாளைக்கு அஞ்சு, மறுநாள் மூணுன்னு மாறினாத்தான் உள்ள சீக்கு. வெயிலுக்குப் பெண்டுலக் கம்பி நீளும், மெதுவாப் போகும். மழைக்குச் சுருங்கும், வேகமாப் போகும். அது வேற கணக்கு. ஒரு மணி நேரத்துல மாறல. ஒரு மணி நேரம் பாத்து ஒரு மணியப் பத்திச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்பம் இன்னொருக்கா வரணும்."

வாசலில் செருப்பைப் போடும்போது முட்டி வலியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மரப்படிகள் மொத்தம் எத்தனை ஏறி இறங்கியிருப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் உள்ளே போக வேண்டாம், முற்றத்தோடு சரி என்றார். டிக்கெட் எடுத்துக்கொண்டு முற்றத்தில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருவதா என்று கேட்டேன். பதில் இல்லை.

தக்கலை ஸ்டாண்டுக்கு எதிரே சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் சாப்பிட்டோம். சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் படாமல் இருக்க மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்தார்.

"ஒனக்கு எப்பம் மெட்ராஸ் வண்டி?"

"அடுத்த செவ்வாய்ப்பா."

"அப்பம் திங்கக்கிழமை வருவோம். கூட்டமும் இருக்காது."

"திங்கக்கிழமை அரண்மனைக்கு லீவுப்பா."

சாயாவை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"மணிக்குமா?"